வீடு பார்க்க வருகிறார்கள்

“நின்னுக்கிட்டே பேசினா அது கூட்டம் ஆகாது. எல்லாரும் உட்காருங்க,” என்றார் தெருச் சங்கத்தின் செயலாளர்.

உட்கார்ந்தார்கள். கூட்டம் நடந்தது சர்வேயர் அம்மா வீட்டுக் கூடத்தில். ஜன்னலோர நாற்காலியில் சர்வேயர் அம்மா. எதிர் சோபாவில் விளையாட்டு டீச்சர். அவருக்குப் பக்கத்தில், சோபாவில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு, பெயின்ட் கடைக்காரர். உடுப்பு முழுக்கச் சிமென்ட் என்பதால் பிளம்பர் வாசற்படியில். செயலாளர் சாப்பாட்டு மேசையில் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, ‘வந்திருந்தோர் ஐவர்’ என்று எழுதி அடிக்கோடு இழுத்தார். எழுதிவைத்தால்தான் எந்தக் காரியமும் அவருக்கு நடந்த மாதிரி.

“விஷயம் இதுதான். இந்த ஞாயித்துக்கிழமை நம்ம தெரு விளையாட்டு நாள். அதே ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, அம்மா வீட்டை வாங்கறதுக்குப் பார்க்க வர்றாங்க.”

“நான் எதையும் மாத்தச் சொல்லலை,” என்றார் சர்வேயர் அம்மா. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியும் பேச்சை அளந்துதான் விடுவார். “புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு வர்றாங்க. அமைதியான தெருவா தேடறாங்களாம். இது முடிஞ்சா நான் மக வீட்டுப் பக்கமா போயிடுவேன். தகவலுக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.”

“அட, நீங்க வாய் விட்டுச் சொல்லணுமாம்மா? எங்களுக்கே தெரியாதா?” என்றார் டீச்சர். “ஒரு வாரம் தள்ளி வெச்சா, இழுக்கிற கயிறு என்ன இத்துப் போயிடுமா?”

“மைக் செட்டுக்குச் சொல்லிட்டோமே…” பிளம்பர் இழுத்தார்.

டீச்சர் முறைத்த முறைப்பில், “சொன்ன வாயாலயே வேண்டாம்னு சொல்லிடறேன்,” என்று அவரே முடித்துக்கொண்டார்.

செயலாளர் எழுதிக்கொண்டார். “அடுத்து?”

“கேட்டு!” என்றார் பெயின்ட் கடைக்காரர். “வர்றவன் கண்ணு முதல்ல அதுலதான் விழும். துரு புடிச்ச கேட்டைப் பார்த்தா, செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே விலையைக் குறைச்சுடுவான். நாளைக்கே ஆளு அனுப்பி அடிச்சுக் கொடுத்துடறேன்.”

“எவ்வளவு ஆகும்?”

“நல்லா கேட்டீங்க போங்க! உங்ககிட்ட நான் காசு வாங்குவேனா?”

“நீங்களா?” என்றார் சர்வேயர் அம்மா. சமமட்டம் பார்க்கும் ரசமட்டத்தில் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுபோல அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சமையலறைக் குழாய் சொட்டறதை நான் பார்த்துக்கறேன்,” என்றார் பிளம்பர். “அது எங்க வீடு வரைக்கும் கேக்குது.”

“என் வீட்டு மரக்கிளை உங்க மதில் மேல சாயுது. வெட்டிடறேன்,” என்று செயலாளர் தன் பங்கையும் எழுதிக்கொண்டார்.

சர்வேயர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். “இதெல்லாம் எதுக்கு நீங்க…”

“தனியா இருந்தது போதும்மா. மக பக்கத்துல போய் நிம்மதியா இருங்க,” என்றார் செயலாளர். மற்ற மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்து நின்றபோது, தெரு மூச்சுக்கூட விடவில்லை. கடைக்காரர் பெயின்ட் கலக்கும் இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். டீச்சர் தன் வீட்டு நாயை மச்சினன் வீட்டுக்கே அனுப்பியிருந்தார். செயலாளர் மாடியில் நின்று, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கிளம்பும்போது, “நீங்க சொன்ன விலைக்கே எங்களுக்குச் சம்மதம்,” என்று அந்தக் கணவர் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

“என் பதிலை நாளைக்குத் தபால்ல அனுப்பறேன்,” என்றார் சர்வேயர் அம்மா.

மறுநாள் காலையில் சர்வேயர் அம்மாவிடமிருந்து செயலாளருக்கு அழைப்பு வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மேசையில் ஒரு கடிதம், உறை, பசை.

“போற வழியில இதைத் தபால்ல சேர்த்துடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க. எழுத்து வேலைக்கு இந்தத் தெருவுல உங்களை விட்டா யாரு?”

செயலாளர் படித்தார்.

‘அன்புடையீர், வணக்கம். வீட்டை நான் விற்பதாக இல்லை. இந்தத் தெருக்காரர்கள் மேல் நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் பன்னிரண்டு வருடங்களில் நூற்று நாற்பத்தாறு புகார்கள் எழுதியவள் நான். அவற்றில் முப்பத்தொன்று செயலாளர் ஒருவர் மேல் மட்டும். விளையாட்டு நாளை நான்கு தடவை நிறுத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்காக இவர்கள் இந்த ஒரு வாரம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு, இப்பேர்ப்பட்ட மனிதர்களை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.’

“பிழை ஏதாவது இருக்கா?”

“இல்லம்மா.”

“அப்ப ஒட்டிடுங்க.”

போன மாதம் பெயின்ட் கடை மாடியில், சர்வேயர் அம்மாவுக்குத் தெரியாமல் நால்வராகக் கூடி, ‘எப்பாடு பட்டாவது அந்த அம்மாவைத் தெருவை விட்டுக் கிளப்புவது’ என்று ஒருமனதாகத் தீர்மானம் எழுதிய அதே கையால், செயலாளர் உறையை ஒட்டி, கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டார்.