நாற்பது தவ்

ரங்கன் மூன்றாம் தடவையாகக் கண்ணமங்கலத்துக்கு என் லேத்துப் பட்டறை தேடி வந்தபோது, எஞ்சின் பிளாக் இல்லை.

முதல் இரண்டு தடவையும் இருந்தது. மூங்கில் கழியில் கட்டி, அவனும் மச்சானும் மலைப்பாதையில் ஜமுனாமரத்தூர் வரை தூக்கி, அப்புறம் இரண்டு பஸ்.

அவன் ஊர்ச் சாமை குத்த அவனுடைய மில் ஒன்றுதான். எஞ்சின் நின்றதும் பெண்கள் உலக்கையைத் தூக்கினார்கள். ரங்கனோடு வீட்டில் பேச்சும் நின்றுவிட்டது.

முதல் தடவை வந்தபோது புது பிஸ்டனைக் கொண்டு வரவில்லை. மஞ்சள் பூசி சாமி முன்னால் வைத்தாயிற்றாம். எஞ்சினில் ஏறும்வரை ஊரெல்லை தாண்டக் கூடாதாம். அது நுழைய சிலிண்டரை எவ்வளவு கடைய வேண்டும் என்று சீட்டில் எழுதி வந்தான்: நாற்பது தவ்.

தவ் என்றால் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது எழுபத்தைந்தாம் வருஷம், பாதி எஞ்சின் இஞ்சு, பாதி மில்லி. என்னிடமும் மைக்ரோமீட்டர் இரண்டு, இஞ்சுக்கு ஒன்று, மில்லிக்கு ஒன்று, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இஞ்சை எடுத்தேன். நாற்பது கடைந்தேன்.

பிஸ்டன் நுழையவில்லை என்று மறுவாரமே வந்து நின்றான்.

'வா தேவராஜ்' என்றேன். களைப்பில் அவன் பெயரைத் திருத்தவில்லை.

மலைக்குளிரில் இரும்பு சுருங்கும் என்றேன். போன மார்கழியில் ஒரு டிராக்டர் மேலே போய் சைக்கிள் அளவுக்குத் திரும்பியதையும் சொன்னேன். தலையாட்டினான். குளிருக்காக இன்னும் ஐந்து கடைந்து கொடுத்தேன்.

இப்போது பெஞ்சில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். மூக்குக்கண்ணாடி.

"எங்க மாமனாருதுங்க, சாயந்தரம் திருப்பிக் குடுக்கணும். எஞ்சினு மேலயே கீது, மச்சான் இனிமே தூக்க மாட்டேன்ட்டான். மொதல்ல இத்த மாட்டிக்கினு அந்த அளவு சாமானப் பாருங்க."

மாட்டினேன்.

இரண்டு வருஷமாக இஞ்சு என்று நான் எடுத்துவந்ததன் முதுகில் மில்லி என்று வெட்டியிருந்தது. அதன் கோடு தவ்வைவிடச் சின்னது; கடைய வேண்டியதில் பாதிகூடக் கடையவில்லை.

நிமிர்ந்தேன். கழி அழுத்திய இடத்தில் ரங்கனின் தோள் கன்றிப் புண்ணாகியிருந்தது. முகத்தில் தேவராஜ் ஜாடை கொஞ்சமும் இல்லை.

கண்ணாடியைக் கழற்றாமலே பட்டறையைப் பூட்டினேன். கழியின் மறுமுனைக்கு ஆள் வேண்டுமே.