விசாரிக்க ஒரு நம்பர்

"பதினெட்டு வருஷம் கூட இருந்தவன். இப்படி முதுகுல குத்துவான்னு நினைக்கலையேம்மா."

முதலாளி என் கம்ப்யூட்டரையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

திரையில இருந்தது எங்க ஸ்டோர் அண்ணனோட விண்ணப்பம். போட்டோவுல அதே தடிக் கண்ணாடி, சட்டைப் பையில அதே ரெண்டு பேனா.

நடந்ததைச் சொல்லிடறேன். எங்களுடையது தண்ணி மோட்டாருக்கு உதிரிபாகம் விக்கிற கம்பெனி. ஸ்டோர் முழுக்க அண்ணன் பொறுப்பு. போன வருஷம் முழங்கால்ல ஆபரேஷன் ஆனதிலேர்ந்து அவரால ஏணி ஏற முடியலை. மேல் தட்டுச் சாமான் வேணும்னா யாராவது போய் எடுத்துக் கொடுக்கணும்.

முதலாளிக்கு அது பொறுக்கலை. பத்து நாள் முன்னாடி ரூம் கதவைச் சாத்திட்டு என்கிட்ட சொன்னார்.

"சின்ன வயசுல ஒரு ஆளைப் பிடிக்கணும்மா. நெட்ல விளம்பரம் போடு. கம்பெனி பேர் தெரியக் கூடாது. அவன் காதுக்குப் போகவே கூடாது. புது ஆள் வந்து சேர்ற அன்னிக்கு அவன்கிட்ட சொல்லிக்கலாம்."

போட்டேன். சம்பளம் வாங்கறவ, வேற என்ன பண்ணுவேன். 'பெயர் வெளியிட விரும்பாத நிறுவனம்'னு ஒரு கட்டம் இருந்தது. டிக் பண்ணிட்டேன்.

அடுத்தது வேலை விவரம். எனக்கு ஸ்டோர் வேலையில ஒண்ணும் தெரியாது. அண்ணன்கிட்டயே போய், "ஆபீஸ் ஃபைலுக்கு வேணும்ணே, தினம் என்னென்ன பண்றீங்க?"ன்னு கேட்டேன். அந்தப் பொய்யை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது. மனுஷன் எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைச்சு, நிதானமா சொன்னார். நாலாயிரம் சாமான் எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லணும். போன்ல மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போச்சுன்னு கண்டுபிடிக்கணும். இப்படி ஒரு பக்கம் நிறைஞ்சது.

அவர் சொன்னதை வரி விடாம விளம்பரத்துல ஏத்தினேன். ஏணியைப் பத்தி அவர் சொல்லலை. எனக்கும் போடத் தோணலை.

வேலை வேணும்னு பதிஞ்சு வெச்சவங்கள்ல பொருத்தமானவங்களுக்கு அந்த வெப்சைட்டே விளம்பரத்தை அனுப்பிடுமாம். அண்ணனும் அதுல பதிஞ்சு வெச்சிருந்திருக்கார், அவருக்கும் அனுப்பிடுச்சு. மொத்தம் முப்பத்தாறு விண்ணப்பம். முப்பத்தஞ்சு பேருக்கு வெப்சைட் போட்ட மார்க் நாற்பதைத் தாண்டலை. அண்ணனுக்கு மட்டும் நூத்துக்கு நூறு. ஏன் வராது, வேலையே அவர் சொன்னதுதானே.

"வேற வேலை தேடறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

நான் மவுஸை உருட்டி விண்ணப்பத்தைக் கீழ நகர்த்தினேன்.

"எதுவா இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லணும்மா. இப்படித் திருட்டுத்தனமா செய்யறது ஒரு பொழப்பா?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் போனைக் காதுல வெச்சு, கண்ணை மூடி, யாரோட மோட்டார் சத்தத்தையோ கேட்டுக்கிட்டு இருந்தார்.

"ஒரு விதத்துல நல்லதாப் போச்சு"ன்னார் முதலாளி. "என்ன சொல்லி அனுப்பறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். காரணத்தை அவனே கையில கொடுத்துட்டான். கூப்பிடு, இன்னியோட நடையைக் கட்டட்டும்."

நான் எழுந்திருச்சேன்.

"இரு, இரு. கீழ பொடி எழுத்துல ஏதோ நம்பர் மாதிரி இருக்கே, அது என்ன?"

"அவரைப் பத்தி விசாரிக்க ஒருத்தரோட நம்பர் கேப்பாங்க சார். கொடுத்திருக்கார்."

"யாரது?"

"பேர் போடலை. 'இவரைக் கேட்டால் என்னைப் பற்றி உள்ளதைச் சொல்வார்'னு எழுதியிருக்கார்."

"எவன் இவனுக்கு வக்காலத்து வாங்கறான்னு நானும் பார்க்கறேன். போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

குனிஞ்சு நம்பரைப் பார்த்தேன். பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. சொல்லியிருக்கலாம். சொல்லலை. மேஜை போனை இழுத்து வெச்சு, ஒவ்வொரு நம்பரா அழுத்தினேன்.

முதலாளியோட சட்டைப் பையில போன் அடிச்சது.

"இரும்மா, எனக்கு யாரோ கூப்பிடறாங்க." எடுத்துப் பார்த்தார். எங்க ஆபீஸ் நம்பர். என்னைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார். நான் ஸ்பீக்கரை நிறுத்தினேன். அவர் கையில இருந்த போனும் அடங்கிடுச்சு.

நாற்காலியைத் தடவிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார்.

"என் நம்பரையா கொடுத்திருக்கான்?"

"ஆமா சார்."

"என்னை விட்டுப் போறவன், என்னை நம்பி எதுக்கும்மா என் நம்பரைக் கொடுக்கணும்? ஏன் போறானாம்? ஏதாவது எழுதியிருக்கானா?"

கடைசியில ஒரு கட்டம் இருந்தது, 'இப்போதைய வேலையை விடுவதற்கான காரணம்'னு. எழுத்தெல்லாம் மங்கலாத் தெரிஞ்சது. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அவர் காதுல நல்லா விழற மாதிரி சத்தமாவே படிச்சேன்.

"காலில் ஆபரேஷன் ஆனதால் என்னால் ஏணி ஏற முடியவில்லை. வேறு ஆள் வந்தால்தான் இங்கே வேலை ஒழுங்காக நடக்கும். ஆனால் என்னைப் போகச் சொல்ல எங்கள் முதலாளிக்கு மனசு வராது. அவரைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று நானே கிளம்புகிறேன்."