பச்சைக்கு மாறிய வீடு

சுவரில் மாட்டியிருந்த கருவி சில வாரங்களாக மஞ்சளாகவே எரிந்தது. சண்டைக்குப் பின் புருஷனும் பெண்டாட்டியும் பழையபடி ஆக எவ்வளவு நேரமாகிறது என்று அது பார்க்கும். சீக்கிரம் ஆனால் பச்சை. நேரம் கூடக்கூட மஞ்சள்; உறவு முறியும் விளிம்பை நெருங்குகிறது என்று அர்த்தம். சாந்தலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று அவன் கைதவறி, பெண்டாட்டி பூங்கொடியின் அம்மா கொடுத்த ஊறுகாய் ஜாடி உடைந்தது. அவள் சிரித்தாள். "போனாப் போகுது, உடுங்க."

கருவி உடனே பச்சைக்கு மாறியது. போன உயிர் திரும்பியவனாய், கருவியை மாட்டிய பெண்ணுக்குப் போன் செய்தான். "இனிப் பயமில்லைங்களே?"

"ஆட்டம் நின்னுருச்சுங்க. விளிம்புக்கு எந்தப் பக்கமா நின்னுச்சுன்னு அது சொல்லாதுங்க."

உள்ளேயிருந்து பூங்கொடியின் குரல் இதமாக வந்தது. "ஏனுங்க, வந்து குக்கர் வெக்கப் பழகிக்குங்க. ஒத்த ஆளுக்கு அரை டம்ளர் அரிசி போதும்."