சுமைகூலி

சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, சில்லறையார் மீன் பார்சல் கவுண்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பக்கத்துத் தராசில் பெரிய மீன் ஒன்று, தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் தொங்கக் கிடந்தது.

"ஏம்மா, மீன அனுப்பறதுக்கு மீன் விலையவிட மூணு மடங்கா? சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க."

"விமானத்துல போகுது சார். பெட்டி தனி, ஐஸ் தனி, ஒட்டற டேப் வரைக்கும் தனி," என்றாள் கவுண்டர் பெண். இதையே அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னாளோ, குரல் உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

"மூச்சு விடறதுக்கும் ரசீது போடுவீங்களா?"

அவருக்குச் சில்லறையார் என்று பெயர் வைத்த ஆபீஸ்காரன் யாரோ, அவனுக்கு மோதிரமே போடலாம். இத்தனைக்கும் இந்தப் பயணம் அவர் காசு இல்லை. மனைவியின் அண்ணன்தான் படகு வாடகையையும், இரண்டு பேருக்கும் மீன்பிடி லைசென்ஸ் கட்டணத்தையும் ஒரு கவரில் போட்டுத் தங்கை கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

முதல் சண்டை காலையில் லைசென்ஸ் ஜன்னலிலேயே ஆரம்பித்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் என்றால் தூண்டிலைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். அதுவும் உள்ளூர்க் கட்டணத்தைப் போல ஐந்து மடங்கு. கத்திப் பார்த்தார், நடக்கவில்லை. "எனக்கு மட்டும் எடுத்தாப் போதும். நீ வேடிக்கை பாரு. மீதிய எண்ணி வாங்கிட்டு வா," என்று மனைவியை ஜன்னலில் விட்டுவிட்டு, இரை விலையில் பேரம் பேசப் படகுக்கு ஓடினார்.

இப்போது மனைவி அவருக்குப் பின்னால் நின்றாள். வலது உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தாள்.

"என்னங்க, அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாமே. மேனேஜர் வீடும் அண்ணன் வீடும் ஒரே ஊர்தானே, கூலி ஒண்ணுதான் ஆகும்."

"உங்கண்ணன் எனக்குப் பதவி உயர்வு குடுப்பாரா? மேனேஜர் வீட்டுக்குத்தான் போகுது. என் கையால பிடிச்சு அனுப்பறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அண்ணன் கொடுத்த கைக்கடிகாரம் மேனேஜர் மகன் கையில் ஓடுகிறது, அண்ணன் வாங்கித் தந்த மிக்ஸி மேனேஜர் வீட்டுச் சமையலறையில் சுற்றுகிறது. நன்றி என்று ஒரு வார்த்தைகூட அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

வாசலில் படகுக்காரர் எட்டிப் பார்த்தார். "தலைசுத்தல், வாந்தியெல்லாம் நின்னுச்சா?"

"அவளுக்குக் கடல் ஒத்துக்காதுய்யா. நீ போய் வேலையப் பாரு," என்று சில்லறையார் முந்திக்கொண்டார். படகுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி போய்விட்டார்.

கவுண்டர் பெண் தன் பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினாள். "லைசென்ஸ் இருக்கறவங்க பிடிச்ச மீனத்தான் வெளியூருக்கு அனுப்புவோம். இல்லாதவங்க பிடிச்சிருந்தா மீன் எங்களுக்கு, அபராதம் அவங்களுக்கு. பிடிச்சவங்க சொல்ற விலாசத்துக்குத்தான் பெட்டி போகும். இதப் பிடிச்சது யாரு?"

"என் சட்டையப் பாத்தாத் தெரியலையா?" என்று லைசென்ஸை எடுத்து நீட்டினார். "எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கூலியைக் கட்டச் சொன்னாள். சில்லறையார் மனைவி பக்கம் திரும்பினார். "காலையில வாங்கின மீதிய எடு."

"அது செலவாயிடுச்சுங்க."

"செலவா? காலையிலேர்ந்து கடல்ல இருந்தோம், அங்க எந்தக் கடையில போய்ச் செலவு பண்ணின?"

"சார், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க," என்றாள் கவுண்டர் பெண்.

நின்றார்கள்தான். ஆளுக்கொரு மீனோடு, ஆளுக்கொரு கடுகடுப்போடு. மீனிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஓடி அவர் செருப்பை நனைத்தது. வேறு வழியில்லாமல் சில்லறையார் சொந்தப் பர்ஸைத் திறந்தார். ஒவ்வொரு நோட்டையும் இரண்டு தடவை தடவிப் பார்த்து, மூக்கால் அழுதபடி நீட்டினார்.

"கட்டின பணம் திரும்ப வராது சார்," என்று ரசீதில் முத்திரை குத்தினாள்.

"தெரியும்மா. உங்ககிட்ட வந்த பணம் என்னைக்குத் திரும்பியிருக்கு?"

கவுண்டர் பெண் ரசீதைக் கிழித்து நீட்டினாள். பெட்டியின் மேல் ஒட்டும் தாளை இழுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தாள். "விலாசம் சொல்லுங்க."

மேனேஜர் விலாசம் ஆயிற்றே என்று சில்லறையார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அதற்குள் மனைவி முன்னால் வந்துவிட்டாள். கைக்குட்டையை அவிழ்த்தாள், உள்ளங்கையின் குறுக்கே தூண்டில் நரம்பு அறுத்த கோடு சிவந்து கிடந்தது. அந்தக் கையாலேயே பையைத் திறந்து, காலையில் வாங்கிய இன்னொரு லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"பிடிச்சது நான், எங்க அண்ணன் விலாசத்த எழுதிக்கம்மா."