றிவேஸ் இல்லாத கார்

மூன்று கொன்ட்ரோலர்களையும் கோசலா ஒரு சுளகில் வைத்துக்கொண்டு வந்தாள்.

விறாந்தைக் கதிரையில் இருந்த விநாயகமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் மடியில் முழங்கை நீளம்கூட இல்லாத, றிமோட்டில் ஓடுகிற பழைய கார் ஒன்று இருந்தது. பஹ்ரைனில் கராஜ் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் றேஸ் விட்ட கார். காலையில் மனைவி கோசலாதான் அதை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தாள்.

“சும்மாதானே இருக்கிறியள். இதையெண்டாலும் ஓடிப் பாருங்கோவன்.”

காருக்குள்ளே பற்றரிக்கும் மோட்டருக்கும் நடுவில் இருந்து வேகத்தை அளந்து விடுவதுதான் கொன்ட்ரோலர். அது சரியில்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட காரும் சண்டி மாடுதான். பழைய கொன்ட்ரோலர் பார்த்துத் தெரிவுசெய்வதில் வேலணையில் என்ன, ஏழு தீவிலும் விநாயகமூர்த்தியை வெல்ல ஆளில்லை. போட்டிக்கும் ஆளில்லை என்பது வேறு கதை.

கால்தான் சொல்வழி கேட்கவில்லை. பண்ணைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கித் தொடை எலும்பு முறிந்து, தகடு வைத்து, அது பொருந்தியும் ஆயிற்று. இனி நடக்காமல் இருந்தால் கால் இறுகிவிடும், பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாளைக்கு நடக்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கோசலா கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், நயினை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாள்.

அவருக்குப் பயம். தார் றோட்டு முகத்துக்கு நேரே எழும்பி வந்தது இன்னும் கண்ணுக்குள் நின்றது. அதை அவர் கோசலாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் சுளகைப் பார்த்ததும் ஆள் பழைய ஆளாகிவிட்டார்.

முதலாவதைக் கையில் எடுத்ததுமே ஒதுக்கினார். சின்ன மோட்டருக்கென்று செய்தது. இந்த மோட்டரைப் பூட்டினால் இரண்டு சுற்றில் கொதித்துவிடும். கொன்ட்ரோலர் வாங்குகிறவன் முதலில் மோட்டரைப் பார்க்க வேண்டும். வடிவைப் பார்த்து வாங்கினால் வடிவைத்தான் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது நீலப் பெட்டி. றேஸுக்கென்றே செய்தது. நல்ல இழுவை, பிறேக் பிடித்தால் நின்ற இடத்தில் நிற்கும். ஒரேயொரு குறை, றிவேஸ் இல்லை, பின்னுக்கு வராது. வேலியில் முட்டினால் முட்டியபடியே நிற்கும். ஆள் போய்த் தூக்கித் திருப்பிவிட வேண்டும். போட்டு வாறன் என்று சொல்லத் தெரியாமல், போறன் என்று மட்டும் சொல்கிற சாமான்.

மூன்றாவது கறுப்புப் பெட்டி. கொஞ்சம் மந்தம். ஆனால் றிவேஸ் உண்டு. கதிரையை விட்டு அசையாமல் கார் ஓடுகிறவனுக்கு இதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கையை நீட்டினார்.

“உது எரிஞ்சு போச்சு, இஞ்சாருங்கோ. காலமை நான்தான் பற்றரியை மாறிக் கொழுவிப் போட்டன்.”

விநாயகமூர்த்தி கறுப்புப் பெட்டியை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கொன்ட்ரோலர் எரிந்தால் அந்த நாற்றம் எத்தனை வருஷமானாலும் பெட்டியை விட்டுப் போகாது. பழையது வாங்குகிறவன் கண்ணை நம்பக் கூடாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து போனில் யோசனை கேட்கிறவர்களுக்கு அவர் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆறுதலாக மோந்தார். கோசலாவைப் பார்த்தார். அவள் கிணற்றடி வாழையைப் பார்த்தாள்.

“ஓம். நல்லா எரிஞ்சுதான் போச்சு.”

கோசலா சுளகோடு குசினிக்குள் போனாள். அவர் நீலப் பெட்டியைக் காரில் பூட்டினார். சின்ன ஸ்குறூ டிறைவரால் நடுநிலையைச் சரிபார்த்தார்.

காரை எட்டி முற்றத்தில் வைத்து றிமோட் விசையை அழுத்தினார். புழுதி பறந்தது. கோழி அலறிக்கொண்டு மாட்டுக்கொட்டில் பக்கம் ஓடியது. இரண்டு சுற்று, மூன்றாம் சுற்று, அதில் கொஞ்சம் ஆசை கூடிவிட்டது. கார் முற்றத்தைத் தாண்டிப் போய் வேலியின் இரண்டு கதியாலுக்கு நடுவில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது.

“கோசலா!”

குசினியில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அகப்பைச் சத்தமும் நின்றுபோனது.

“எடியே கோசலா!”



விநாயகமூர்த்தி காரைப் பார்த்தார். ஊன்றுபொல்லை எடுத்தார். கதிரைக் கையைப் பிடித்து எழும்பினார். பயம் பயமாகவே இருந்தது. படியில் ஒரு காலை வைத்தார். குசினிப் பக்கம் திரும்பாமல், ஊருக்குப் பயணம் போகிறவர் மாதிரி உரத்துச் சொன்னார்.

“அப்ப நான் போட்டு வாறன்.”

கூப்பிட்டால் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். ஏசினாலும் இருந்துவிடலாம். படியிறங்குகிற மனுசன் போட்டு வாறன் என்று சொல்லும்போது மறுமொழி சொல்லாமல் இருக்க இந்த ஊரில் எந்த வீட்டுக்காரிக்கும் வாய் வராது.

“ஓம், போட்டு வாங்கோ!”

குரல் பாய்ந்து வந்தது. பின்னாலேயே அகப்பை விழுந்த சத்தமும் வந்தது.

விநாயகமூர்த்தி சிரித்துக்கொண்டே மண்ணில் காலை வைத்தார். வேலி மட்டும் போகக் கன நேரம் எடுத்தது. காரைப் பிடுங்கித் திருப்பி, இன்னும் தூரத்தில் இருந்த தெருப் படலைப் பக்கம் பார்க்க வைத்தார்.

அந்தக் கறுப்புப் பெட்டியில் எரிந்த நாற்றம் மருந்துக்கும் இருக்கவில்லை. வறுத்த மல்லி வாசம்தான் இருந்தது, கோசலாவின் விரல் வாசம்.