இரண்டே நிமிடத்தில் ஒரு வாளி

"ஒரு வாளி தண்ணி ரெண்டே நிமிஷத்துல உள்ள போயிடுச்சு! உறிஞ்சுகுழிக்கு இதைவிட நல்ல மண் கிடைக்குமா, மேடம்?" என்று ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் கேட்டார் வெளியூர் மேஸ்திரி யோஷ்கோ.

"மண் உறிஞ்சலைங்க. அடியில சுண்ணாம்புப் பாறை, விரிசல் வழியா ஓடிடுச்சு. கழிவும் வடிகட்டாம இப்படியே கீழ்க்கிராமத்து ஊற்றுல கலந்துடும். அடி மூடின தொட்டி கட்டுங்க. இதுக்கு அனுமதி கிடையாது."

மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த இளம் அதிகாரி காரில் ஏறிப் போனாள்.

யோஷ்கோ கொதித்தார். "மூணு நாள் குழி வெட்டினதெல்லாம் வீணாப்போச்சே, லோய்ஸே அண்ணே! இதே அவ அப்பன் வீடா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பா!"

வீட்டுக்காரர் லோய்ஸே இரண்டு கோப்பைகளில் ஒயினைத் தளும்பத் தளும்ப ஊற்றினார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"குடிய்யா. அவ அப்பன் நான்தான்."