திங்கட்கிழமைச் சண்டை

திங்கட்கிழமை வந்தால் போதும், டெய்லருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"இன்னைக்கும் பென்ஷன் ஆபீஸா? படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. வண்டியை எடுங்க."

தனக்கென்று பென்ஷன் திட்டம் வைத்திருக்கும் ஒரு பெரிய டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் அவர் மனைவி. இப்போது அவளுக்கே இதயக் கோளாறு. இதயம்தான் தளர்ந்து போச்சே தவிர, பிடிவாதம் இம்மியும் குறையவில்லை.

"உனக்குத்தான் பென்ஷன் முழுசா வருதே. இன்னும் என்னதான் வேணும்?"

"ஆம்பளைக்கு ஒரு சட்டம், பொம்பளைக்கு ஒரு சட்டம்னு வச்சிருக்காங்க. அதை மாத்தணும்."

"ஆமா, உலகத்தைத் திருத்தக் கிளம்பிட்டா மகராசி!"

என்ன சட்டம், என்ன வித்தியாசம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பொம்பளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு? அவள் மூன்றாவது மாடிக்குப் போவாள். இவர் கீழே ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு போவோர் வருவோரிடம் புலம்புவார்.

"பொழப்பைப் போட்டுட்டு நிக்கிறேன் சார். வீட்ல வாய்ச்சது அப்படி!"

கேட்டவர்களும் 'உச்' கொட்டிவிட்டுப் போவார்கள்.

அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. கொஞ்ச நாளாக வலது கை நடுங்குகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. டெய்லருக்குக் கை நடுங்குதுன்னு தெரிஞ்சா எவன் துணி கொடுப்பான்?

வீட்டு முன்னறைதான் கடை. நல்ல வேளையாகக் காலையில் வந்து உட்கார்ந்தால் ஊசிகளில் நூல் கோத்தே இருக்கும். நேற்று நாமே கோத்து வைத்துவிட்டு மறந்திருப்போம் என்று மனசைத் தேற்றிக்கொள்வார்.

அன்றைக்கு நாலு படி ஏறியதுமே அவள் மூச்சு வாங்க நின்றுவிட்டாள். டெய்லர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார்.

"போதும் தாயே, வீட்டுக்குப் போலாம்."

"மேல போலாம்."

வேறு வழி? கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவரும் முதல் முறையாக மேலே போனார்.

"மறுபடியும் வந்துட்டீங்களாம்மா?" அதிகாரி அலுத்துக்கொண்டார்.

"மாத்தற வரைக்கும் வருவேன் சார். சம்பளத்துல எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதானே பிடிச்சீங்க? ஆம்பளை நர்ஸ் செத்தா அவர் சம்சாரத்துக்குப் பாதி பென்ஷன். நான் செத்தா என் வீட்டுக்காரருக்குச் சல்லிக்காசு கிடையாது. என் உழைப்பு மட்டும் இளப்பமா?"

டெய்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதிகாரி சிரித்தார். "ஆம்பளைங்க எப்படியாவது சம்பாதிச்சுக்குவாங்கம்மா. சார் கல்லு மாதிரி இருக்கார். இவருக்கு எதுக்குப் பொண்டாட்டி பென்ஷன்?"

அவள் கணவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள்.

"அடுத்த திங்கட்கிழமை வர்றேன் சார்."

படி இறங்கும்போது டெய்லர் கேட்டார். "எனக்காகவா இத்தனை அலைச்சல்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா? 'பொண்டாட்டி காசுல உக்காந்து திங்கிறவனா நான்'னு குதிச்சிருப்பீங்க."

"அந்த ஆள் சொன்னதுல என்ன தப்பு? நான் சம்பாதிச்சுக்க மாட்டேனா?" வீறாப்பை மட்டும் விடவில்லை மனுஷன்.

அவள் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தினமும் காலையில ஊசியில நூல் கோத்து வைக்கிறது யாருன்னு நினைச்சீங்க?"

டெய்லர் வலது கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இதை அங்கேயே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்களை அடுத்தவங்க முன்னால விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?"

டெய்லர் அவளைப் படியிலேயே உட்கார வைத்தார். விடுவிடுவென்று மேலே ஏறினார். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் மறைத்துவந்த வலது கையை நீட்டி, அதிகாரியின் மேஜைமேல் விரித்து வைத்தார். அது பாட்டுக்கு நடுங்கியது.

"ஆம்பளை சம்பாதிச்சுக்குவான்னீங்களே சார், இந்தக் கையைப் பார்த்துச் சொல்லுங்க. அடுத்த திங்கட்கிழமை அவ வரமாட்டா. நான் வருவேன்!"